தேக்கியும் இம்மியும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பாலைகளில் மோட்டார்களுக்குத் துணையாக நிற்கும் ஒரு கருவியை மின்பணியாளர்கள் ‘கெப்பாசிட்டர்’ என்பார்கள். அதன் தம்பியை, வீட்டு மின்விசிறிக்குள் இருப்பதை, ‘கண்டன்சர்’ என்பார்கள். பாடநூல் இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டியிருக்கிறது: மின்தேக்கி. சொல்லன்பர்களே, இந்தப் பெயர் இந்த மாவட்டத்து மண்ணில் எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது பாருங்கள். கொற்றலை ஆற்றை மறித்து 1944இல் எழுந்த பூண்டி நீர்த்தேக்கம் இங்கேதான் இருக்கிறது. தேர்வாய்க் கண்டிகையின் புதிய தேக்கமும் கும்மிடிப்பூண்டிக்கு அருகில்தான்.

தேங்கு என்பது தன்வினை. நீங்கு நீக்கு ஆவதுபோல, அடங்கு அடக்கு ஆவதுபோல, இடைநின்ற மெல்லினம் வலித்துத் தேக்கு என்று பிறவினையாகிறது. ஒலித்துப் பாருங்கள்: ‘ங்’ மூக்கில் மெல்லப் பரவி நிற்கிறது, தானே நிறைந்து நிற்கும் நீரைப் போல, ‘க்க்’ அடிநாவில் கதவை அடைக்கிறது. அடைத்தவன் ஒருவன் இருக்கிறான் என்பதை அந்த வல்லொற்றே சொல்லிவிடுகிறது. அந்தத் தேக்கோடு இகரம் சேர்ந்து கருவிப்பெயர் பிறக்கிறது. (தேக்கு மரம் இதற்கு உறவன்று, தேங்காயும் அன்று, அது தெங்கு நீண்டு காயோடு புணர்ந்தது.)

மேலை நாட்டில் இக்கருவி பெயர் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. 1745, 46ஆம் ஆண்டுகளில் அது லைடன் நகரத்துச் சாடி. வெறும் கண்ணாடிச் சாடிதான். மின்னூட்டம் அதில் செறிந்து ஒடுங்குகிறது என்று எண்ணிய வோல்டா 1782இல் ‘ஒடுக்கி’ என்னும் பொருள்பட ஒரு பெயர் வைத்தார். அதன் வழிவந்ததே நம் கடைத்தெருக் ‘கண்டன்சர்’. ‘கெப்பாசிட்டர்’ பின்னால் வந்தது. அதன் இலத்தீன் வேர் ‘கொள்’ என்னும் பொருளுடையது. ஈழத்துத் தமிழர் தம் பாடநூல்களில் அந்த வேரையே பிடித்துக் கொள்ளளவி என்றனர். சாடியும் உடனே மறைந்துவிடவில்லை. பிரித்தானியக் கடற்படை நெடுநாள் ‘சாடி’யையே அலகாக வைத்திருந்தது, 900 சாடி ஒரு மைக்ரோஃபாரடு.

ஃபாரடு என்பது மைக்கேல் ஃபாரடேயின் பெயரை அரிந்தெடுத்தது. 1861இல் தந்திப் பொறியாளர்கள் பிரைட்டும் கிளார்க்கும் அதை முன்மொழிந்தபோது மின்னூட்டத்தின் அலகாகவே கருதினர். 1881இல் பாரிசில் கூடிய மின்னியலாளர் மாநாட்டில்தான் அது இன்றைய பொருளில் நிலைத்தது. அதன் பருமனோ மிகப் பெரிது. நாம் நிற்கும் இந்த உலக உருண்டையையே தனித்த மின்தேக்கியாகக் கொண்டாலும் ஏறத்தாழ 710 மைக்ரோஃபாரடுதான் தேறும். எனவே பயன்படுவதெல்லாம் அதன் சிறு கூறுகளே. மைக்ரோ என்றால் கிரேக்கத்தில் சிறியது, பத்து இலட்சத்தில் ஒன்று. நானோ குள்ளன், அதிலும் ஆயிரத்தில் ஒன்று. பிக்கோ அதனினும் ஆயிரத்தில் ஒன்று. பிக்கோ வழக்குக்கு வருமுன் வானொலிக்காரர்கள் ‘மைக்ரோமைக்ரோஃபாரடு’ என்று அடுக்கிச் சொன்னார்கள்.

இந்த அடுக்கு நமக்குப் புதிதா? நம் கீழ்வாய் இலக்கத்தில் முந்திரி 320இல் ஒன்று. அதன் முந்திரிப் பங்கு கீழ்முந்திரி, 1,02,400இல் ஒன்று. சிறிய அளவு தன்னாலேயே தன்னை மீண்டும் வகுத்துக்கொள்ளும் அதே முறை! அதற்கும் கீழே வரும் இம்மியை வாய்பாடு 10,75,200இல் ஒன்று என்கிறது. மைக்ரோவுக்கு இவ்வளவு நெருங்கிய தமிழ்ச்சொல் நாவில் ‘இம்மியளவும்’ என்று இன்னும் வாழ்கிறது என்பதில் எனக்குப் பெருமிதம் உண்டு.

இனி, கருவியின் மேல் எழுதியுள்ளதைப் படிக்கும் கணக்கு எளிது. சிறு மின்தேக்கியின் மேல் 104 என்றிருந்தால் 10க்குப் பின் நான்கு சுழி: 1,00,000 பிக்கோ, 100 நானோ, 0.1 மைக்ரோ. தொழிற்சாலைப் பலகையிலோ ஃபாரடு இராது, எதிர்வினைத் திறனின் அலகான ‘கேவிஏஆர்’ இருக்கும். 440 வோல்ட்டு, 50 ஹெர்ட்சு மும்முனை மின்சாரத்தில் 25 கேவிஏஆர் என்பது மூன்று பிரிவும் சேர்ந்து ஏறத்தாழ 411 மைக்ரோஃபாரடு.

ஒரு நுட்பம் மட்டும் எஞ்சுகிறது. பூண்டியின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி என்றால் அது நிறைந்த ஏரியின் மொத்த நீர். ஃபாரடு அளப்பது மொத்தத்தை அன்று. ஓர் அடி மட்டம் உயர எவ்வளவு நீர் வேண்டும் என்பதுபோல, ஒரு வோல்ட்டு உயர எவ்வளவு மின்னூட்டம் வேண்டும் என்பதை. ஆகவே ‘கொள்ளளவு’ இங்கே வழிதவறச் செய்யும். நம் பாடநூலின் ‘மின்தேக்குத்திறன்’ பொருளில் பழுதற்றது. ஆனால் திறன் என்பதை வாட்டில் அளக்கும் அளவுக்கு முன்பே கொடுத்துவிட்டோம். ஈழத்தார் ‘அம்’ ஈறு சேர்த்துக் கொள்ளளவம் என்று பிரித்துக் காட்டியது நல்ல வழி. கருவிக்கு நம் மின்தேக்கியும் அளவுக்கு அவர்கள் கொள்ளளவமும் இருக்கட்டும். பாடநூல் எழுதுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.