தொங்கு கம்பியிலிருந்து வால் விளிம்புக்கு: வானூர்திகளின் உயர் அதிர்வெண் ஆண்டெனா

வானூர்தியின் ஆண்டெனா காலப்போக்கில் சிறுத்து வந்தது என்னும் கருத்து பரவலாக உள்ளது. சிறுத்தது கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டுமே. அலைபரப்பும் பணியை வானூர்தியின் உடலே ஏற்றுக்கொண்டது என இக்கட்டுரை வாதிடுகிறது.

உயர் அதிர்வெண் பட்டை 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலானது. அலைநீளம் 100 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை அமையும். செம்மையாக இயங்கும் ஆண்டெனா ஏறத்தாழ கால் அலைநீளம் வேண்டும். தொடக்ககால வானூர்திகள் இதற்கெனப் பறக்கும்போது நீண்ட கம்பியொன்றைப் பின்னால் தொங்கவிட்டன. தரையிறங்குமுன் அதைச் சுருட்டியாக வேண்டும். மறந்தால் கம்பி அறுந்துவிடும்.

1937 ஜூலை 2 அன்று அமெலியா ஏர்ஹார்ட்டும் பிரெட் நூனனும் ஹவ்லாந்து தீவை நெருங்குகையில் மறைந்த நிகழ்வு இங்குக் கருதத்தக்கது. அவர்களது லாக்ஹீட் எலக்ட்ராவின் தொங்கு கம்பி பயணத்தின் தொடக்கத்திலேயே கழற்றப்பட்டது என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. கம்பி இல்லாமையால் குரல் எட்டவில்லை என்று இதற்குப் பொருள் கொள்வது பொருந்தாது. 3105 கிலோஹெர்ட்ஸில் அவரது குரல் இட்டாஸ்கா கப்பலில் உரக்கவே கேட்டது. ஆனால் கப்பலின் திசைகாண் கருவியால் அந்த அதிர்வெண்ணில் திசையறிய இயலவில்லை. அதற்கு ஏற்ற 500 கிலோஹெர்ட்ஸிலோ அலைநீளம் 600 மீட்டர். முதுகின்மேல் கட்டிய குட்டைக் கம்பி அங்குப் பெரிதும் திறனற்றது. (இருவருக்கும் மோர்ஸ் குறியீட்டில் போதிய பயிற்சி இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.) கம்பியோடு இழக்கப்பட்டது ஓர் அதிர்வெண்ணே எனலாம்.

இக்குறைபாட்டின் கோட்பாட்டு விளக்கம் பின்னரே வந்தது. அலைநீளத்தை நோக்கச் சிறிதான ஆண்டெனா ஒரே நேரத்தில் அகன்ற பட்டையையும் உயர் திறனையும் தர இயலாது என்பதை 1947இல் ஹெரால்டு வீலரும் 1948இல் எல். ஜே. சூவும் நிறுவினர். பொறியாளர்கள் இவ்வெல்லையை வெல்லவில்லை, சுற்றிச் சென்றனர் என்பதே பொருத்தம்.

ஜெட் வேகத்தில் வெளிக்கம்பி காற்றுத் தடையை மிகுவித்தது. போயிங் 707இன் செங்குத்து வாலுச்சியில் முன்னோக்கி நீண்ட கூர்முனை இடைக்காலத் தீர்வு. போயிங் 737இல் அதுவும் மறைந்தது: வாலின் முன்விளிம்பினுள், மின் கடத்தாத உறையின் பின்னே ஆண்டெனா அமைந்தது. அங்கு ஊட்டப்படும் மின்னோட்டம் வால், உடல், இறக்கைகள் எங்கும் பரவுகிறது. 4 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 37.5 மீட்டர், 737-800இன் நீளம் 39.5 மீட்டர். ஆண்டெனா எனப் பெயர்பெற்ற சிறுபகுதி உண்மையில் உடலைத் தூண்டும் வாயில் மட்டுமே. அதிர்வெண் மாறும்போதெல்லாம் இசைவிப்புக் கருவி அதனை மீண்டும் பொருத்த வேண்டியுள்ளது. வீலரும் சூவும் வகுத்த எல்லைக்குச் செலுத்தும் விலை அது.

ஹெலிகாப்டரின் நிலை வேறு. அதன் உடல் குறுகியது. எனவே வால் தண்டின் ஓரமாக, துண்டு உலர்த்தும் கம்பிபோல, வளையம் ஒன்று பொருத்தப்படுகிறது. மலைகளுக்கு இடையே நேர்க்கோட்டுத் தொடர்பு அறும் இடங்களில், ஏறத்தாழச் செங்குத்தாக மேலேறும் அலைகள் அயனி மண்டலத்தில் திரும்பிப் பள்ளத்தாக்கை அடைய, இவ்வளையமே துணைபுரிகிறது.