கூழ்ப்பானையும் கள்ளுக்கடையும்

ஒரு சமூகத்தின் வரலாற்றை அரசர் பட்டியலிலும் போர்க்களத்திலும் தேடுவார் பலர்; அடுப்பங்கரைப் பானையில் தேடுவார் சிலரே. ஆயினும் மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளி எவ்வாறு கட்டுண்டான், அக்கட்டினை அறுக்க எவ்வாறு முனைந்தான் என்று அறிய விரும்புவோர்க்கு ஒரு பானையின் கதை பெரிதும் உதவும். அது தானியத்தைப் புளிக்கவைத்து மது எடுக்கும் பானை. ஒரு காலத்தில் அது வீட்டுக்குள் இருந்தது. பின்னர் சட்டத்தால் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டது. அதன் இடத்தில் கடையொன்று வந்து அமர்ந்தது. இப்பொழுது உலகின் பல பகுதிகளில் அப்பானை மீண்டும் வீட்டுக்குள் நுழைகின்றது. இந்நுழைவை நாம் எக்கண்கொண்டு நோக்க வேண்டும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

மேல்நாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவோர் முதலில் டப்பாவில் அடைத்த மால்ட் பாகை வாங்கி, நீரில் கரைத்து, ஈஸ்ட் இட்டுப் புளிக்கவைத்தனர். தானியத்திலிருந்தே தொடங்க வேண்டுமாயின் வெந்நீருக்கு ஒன்று, தானியம் ஊறுவதற்கு ஒன்று, கொதிக்கவைப்பதற்கு ஒன்று என மூன்று பெரும் பாத்திரங்கள் வேண்டியிருந்தன. ஆதலின் அது பொறுமையும் பொருளும் உடையோர்க்கே உரிய வேலையாயிருந்தது. 2000க்குப் பின் ஆஸ்திரேலியாவில் தோன்றிப் பிற நாடுகளுக்கும் பரவிய முறையோ மிக எளிது. முளைகட்டி உலர்த்திய பார்லியை நொறுக்கித் துணிப்பையில் இடுவர். ஏறக்குறைய 65 முதல் 68 பாகை செல்சியஸ் சூடுள்ள நீரில் அப்பையை ஒரு மணி நேரம் ஊறவைத்து, பின் தூக்கிப் பிழிவர். பிழிந்த நீரை அதே பாத்திரத்தில் ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவுடன் கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட் சேர்ப்பர். ஒன்றிரண்டு வாரங்களில் பீர் ஆயத்தமாகும். ஒரு பானை, ஒரு பை: இவ்வளவே கருவி. இந்த எளிமையினாலேயே இம்முறை விரைவில் பரவிற்று.

இதன் உட்கருத்து நம் தாய்மார்க்குப் புதிதன்று. குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, மாவாக்கிக் கஞ்சி காய்ச்சுகின்றனர் அல்லரோ? முளைக்கட்டாத மாவில் காய்ச்சிய கஞ்சியினும் அது இளகி இனிப்பதைக் கண்டிருப்போம். தானியம் முளைக்கும்பொழுது அதனுள் ஒருவகை நொதி உண்டாகின்றது. வெதுவெதுப்பான நீரில் அந்நொதி மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுகின்றது. அச்சர்க்கரையை ஈஸ்ட் உண்டு சாராயச் சத்தாக்குகின்றது. குழந்தையின் கஞ்சியும் பெரியோரின் பீரும் பாதி வழிவரை ஒரே பாதையில் செல்கின்றன.

ஒற்றைப் பானை முறையை ஆஸ்திரேலியரின் புதுமை எனக் கொள்வோர் பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டிப் பார்ப்பாராக. கடியலூர் உருத்திரங்கண்ணனார், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அந்நூலில், வலைஞர் குடியிருப்பில் மது செய்யும் முறையைப் படிப்படியாகச் சொல்கின்றார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். அகன்ற வாயுடைய தட்டில் அதனை ஆற்றுகின்றனர். நெல்முளையால் ஆகிய அடையை அதனோடு கலக்கின்றனர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, வலிய வாயுடைய சாடியில் முதிரவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கின்றனர். பையின் இடத்தில் விரல். பார்லியின் இடத்தில் நெல். கருத்து ஒன்றே. வட சென்னை மீனவர் குப்பங்களில் சுண்டக்கஞ்சி என வழங்கிய சோற்று மதுவும் இம்மரபின் உறவினது எனலாம். சரவாக்கில் இபான் மக்கள் அரிசியால் ஆக்கும் துவாக்கும் வீட்டுப் பானையில் பிறப்பதே. ஆங்கு முளைக்குப் பதில் ‘ராகி’ என்னும் புளிப்பு வில்லையைச் சேர்க்கின்றனர்.

பழம்பெருமை பேசி மயங்குவதற்காக இதனை எடுத்துக்காட்டினோம் அல்லேம். சங்கச் சான்றோர் கள்ளைப் பாடினர். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். தமிழர் இரண்டையும் அறிந்தவர்கள். நாம் நோக்க வேண்டியது வேறொன்று. அப்பழைய பானையில் ஆக்கியவரும், அளந்தவரும், பகிர்ந்தவரும், உண்டவரும் ஒரே குடியினர். எவ்வளவு ஆக்குவது, எப்பொழுது நிறுத்துவது என்னும் அதிகாரம் அவ்வீட்டாரிடமே இருந்தது. அவர்கள் குடிப்பதால் ஆதாயம் பெறும் மூன்றாமவன் ஒருவன் அங்கு இல்லை.

அம்மூன்றாமவன் எப்பொழுது வந்தான்? இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் ஏல் என்னும் மதுவைப் பெரும்பாலும் பெண்களே வீட்டில் காய்ச்சினர். பின்னர் பெருஞ்சாலைகள் தோன்றின. 1880இல் கிளாட்ஸ்டன் மந்திரிசபை, வீட்டில் காய்ச்சுவோரும் உரிமம் பெற வேண்டும் என விதித்தது. அவ்விதி 1963இல்தான் நீக்கப்பட்டது. தங்கள் நாட்டாருக்கே இவ்விதி செய்தவர்கள் நம்மவரை விடுவரோ? 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம் உரிமம் இன்றி மது ஆக்குவதைக் குற்றமாக்கிற்று. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம் என்றாயிற்று. குடிப்பதைத் தடுப்பது சர்க்காரின் நோக்கமாயிருந்தால் அவர்களைப் பாராட்டலாம். ஆனால் கடைகள் மூடப்படவில்லை, ஏலம் போயின. குடிப்பது குற்றமாகவில்லை, சர்க்காருக்கு வரி செலுத்தாமல் குடிப்பதே குற்றமாயிற்று.

அதே 1886இல்தான் கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்தையும் இணைக்கும் ரயில்பாதை திறக்கப்பட்டது. அப்பாதையை ஒட்டிச் சிலாங்கூரில் காப்பித் தோட்டங்களும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களும் எழுந்தன. செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேத் தொழிலாளர் குடியேறினர். கப்பலேறி வந்த தமிழன் பானையையும் மரத்தையும் ஊரிலே விட்டு வந்தான். ஆனால் கடை அவனுக்கு முன்பே இங்கு வந்து காத்திருந்தது. தோட்டத்திற்குள்ளேயே கள்ளுக்கடை, பட்டணத்திலும் கள்ளுக்கடை.

தென்னங்கள் தானிய மதுவைப் போன்றதன்று. பாளையிலிருந்து வடியும் இனிய நீர் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும். ஒரு நாள் சென்றால் காடியை நோக்கிப் போகும். ஆதலால் அன்று இறக்கியதை அன்றே விற்றுத் தீர்க்க வேண்டும். வாங்குவோன் அருகிலேயே இருக்க வேண்டும். நாள்தோறும் வர வேண்டும். தோட்டத்து வரிசை வீடுகளைப் போல இதற்கு ஏற்ற சந்தை வேறு ஏது? பொழுது புலருமுன் பிரட்டுக்கு நின்று, பகலெல்லாம் உழைத்து, மாலையில் திரும்புவோனுக்குப் படிப்பகம் இல்லை. விளையாட்டுக் கழகம் இல்லை. கூட்டம் கூட உரிமை இல்லை. விளக்கெரியும் இடம் கள்ளுக்கடை ஒன்றே. கூலி கொடுத்த கையே, அக்கூலியின் ஒரு பகுதி திரும்பி வரும் வழியையும் திறந்து வைத்தது.

துரைமாரும் அதிகாரிகளும் இதற்கு ஒரு நியாயம் கூறினர். நல்ல கள்ளைக் கொடுக்காவிட்டால் தொழிலாளி கள்ளச் சம்சுவை நாடுவான் என்றனர். ஆனால் அவன் குடியாமல் இருக்கவும் கூடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. சிலாங்கூரின் கரையோர மாவட்டங்களில் கள்ளினால் விளைந்த கேடுகளை விசாரிக்க ஒரு கமிஷன் அமர்ந்து, 1917இல் அதன் நடவடிக்கைகள் வெளியாயின. தீமையைச் சர்க்கார் அறியவில்லை என்று அதன் பின்னர் எவரும் சொல்ல இயலாது. அறிந்தும் கடைகள் நின்றன.

தொழிலாளர் தாமே விழித்தெழுந்த கதையைக் கிள்ளான் சொல்லும். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தங்கள் மூண்டன. பத்திரிகையாளரான ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அவர்களுக்குத் துணைநின்றது. அவர்கள் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, தக்க வைத்திய வசதி, பெண்டிர்க்கு இழைக்கப்படும் தொல்லைக்கு முடிவு, பேசவும் கூடவும் உரிமை, துரைக்கும் கிராணிக்கும் முன்னே சைக்கிளில் ஏறிச் செல்லும் உரிமை. இவற்றோடு ஒரே பட்டியலில் நின்ற மற்றொரு கோரிக்கை, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது.

வாசகர்களே, இப்பட்டியலை ஊன்றி நோக்குமின். கள்ளுக்கடையை மூடுக என்றவர் மடத்துச் சாமியாரும் அல்லர். பட்டணத்துப் பிரசங்கியாரும் அல்லர். அக்கடையில் கூலியை இழந்தவர்களே அதனை மூடுமாறு கேட்டனர். கூலி உயர்வையும் கடை மூடலையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. உயர்ந்த கூலி கள்ளுக்கடைக்குள் போய்விடுமாயின் உயர்ந்ததனால் பயன் என்னை? சைக்கிளில் ஏறிப்போகும் மானமும், தெளிந்த தலையோடு வீடு திரும்பும் மானமும் அவர்களுக்கு ஒன்றாகவே தோன்றின. இதற்குக் கிடைத்த மறுமொழி என்ன? நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் உயிர் நீத்தனர்.

போருக்குப் பின்னும் அத்தீ அணையவில்லை. 1947இல் கெடாவின் பீடோங் பகுதியில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை மறித்தனர். ஹார்வார்டு தோட்டத்தில் போலீசாரோடு மோதல் நிகழ்ந்தது. அங்கும் கூட்டுறவு, கல்வி, தன்மானம் ஆகியவற்றோடு சேர்ந்தே மதுவிலக்குப் பேசப்பட்டது. குடியை விட்டவன் கூட்டத்திற்கு வருவான், கணக்குக் கேட்பான் என்பதைத் தொண்டர்களும் அறிந்திருந்தனர், எதிர்நின்றோரும் அறிந்திருந்தனர்.

இவ்விடத்தில் பெரியாரின் நிலையையும் நினைவுகூர்தல் தகும். 1921இல் கள்ளுக்கு எதிராகத் தம் தோப்புத் தென்னைகளையே வெட்டி வீழ்த்தியவர் அவர். அவரே பிற்காலத்தில் சட்டத்தால் கொணரும் மதுவிலக்கைக் கடுமையாகக் கண்டித்தார். சிலர் இதனை முரண்பாடு என்பர். தானே உணர்ந்து தன் பொருளை இழப்பது வேறு. பிறர் வாயைச் சட்டத்தால் கட்டுவது வேறு. தொழிலாளி தானே எழுந்து கடையை மூடு என்றதையும் நாம் அவ்வாறே உணர வேண்டும்.

இனி இன்றைய நிலையை நோக்குவோம். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீட்டு மனைகளாயின. சுங்கை வேயிலும் ஷா ஆலாமிலும் பெரும் பீர் ஆலைகள் எழுந்தன. மலேசியாவில் மது ஆக்கும் தொழில் 1976ஆம் ஆண்டின் கலால் சட்டத்திற்கு உட்பட்டது. உரிமம் இன்றிச் சாராயம் வடிப்போன் குற்றவாளி ஆவான். மேல்நாட்டான் தன் அடுக்களையில் பையைத் தூக்கிப் பிழிவதைக் கண்டு, எளிதாயிருக்கின்றதே என்று தொடங்குவோர் முதலில் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

அறிய வேண்டியது இன்னொன்றும் உண்டு. புளிக்கவைத்தல் வேறு, வடித்தல் வேறு, கலப்படம் வேறு. தானியம் புளிப்பதால் உண்டாவது எத்தனால். மெத்தனால் என்னும் நஞ்சு அதில் மிகச் சொற்பம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் முப்பதுக்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து மாண்டனர். அது யார் வீட்டுக் கூழ்ப்பானையிலும் விளைந்ததன்று. விற்றுப் பணமாக்குவோரின் புட்டியில் வந்தது. மாண்டவருள் பலர் நேபாளம், வங்கம், மியான்மார் முதலிய நாடுகளிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். நூறாண்டுக்கு முன் நம் பாட்டன்மார் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றனர். குறைந்த கூலி, நெருக்கமான குடில், விளக்கெரியும் இடம் ஒன்று: இம்மூன்றும் கூடினால் மலிந்த நஞ்சு தானே தேடி வரும். குடிப்பவன் எந்த மொழி பேசுகின்றான் என்பதை அது பார்ப்பதில்லை.

ஆகவே எளிய முறை பரவுவது கண்டு களிகொள்வார்க்கும், கலங்குவார்க்கும் நாம் சொல்வது ஒன்றே. எளிமை விடுதலை ஆகாது. பெரும்பாணாற்றுப்படைக் காலத்திலும் பானை எளிதாகவே இருந்தது; தோட்டக் காலத்தில் குடிப்பது அதனினும் எளிதாயிருந்தது. தொழிலாளியை அடிமைப்படுத்தியது பானையன்று. அவன் மயக்கத்தில் ஆதாயம் கண்ட ஏற்பாடு. அவ்வேற்பாடு தோட்டக் கடையாகவும் வரும். வண்ணப் புட்டியாகவும் வரும். நாளை வேறு உருவிலும் வரும். அதனை இனங்காணும் தெளிவையே கிள்ளான் தோழர்கள் தம் உயிரை விலையாகக் கொடுத்து நமக்கு வாங்கித் தந்தனர்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசர் பெயர்களைச் சொல்லிக் கொடுக்கின்றோம். 1941இல் கூலியோடும் பள்ளிக்கூடத்தோடும் கள்ளுக்கடையைச் சேர்த்துப் பேசிய அவ்வேழைகளின் கோரிக்கைப் பட்டியலையும் சொல்லிக் கொடுப்போமாக. முளைகட்டிய தானியத்திலிருந்து எதனை ஆக்குவது என்பதை அதன் பின்னர் அவர்களே தெளிந்த தலையோடு முடிவு செய்துகொள்வர்.