ரோஜர் டிரேனர்

ரோஜர் ஜான் டிரேனர் (12 பிப்ரவரி 1900 – 14 மே 1983) அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்றத்தில் 30 ஆண்டுகள் நீதிபதியாக இருந்தவர். கடைசி ஆறு ஆண்டுகள் தலைமை நீதிபதி. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாக உச்சமட்ட நீதிமன்றம் உண்டு. ஒப்பந்தம், விபத்து இழப்பீடு, மணமுறிவு போன்ற மாநிலச் சட்ட விஷயங்களில் அதன் சொல்லே முடிவு. நாட்டின் அரசியல் சட்டமோ மத்திய அரசின் சட்டமோ சம்பந்தப்பட்டால்தான் வாஷிங்டனில் இருக்கும் உச்ச நீதிமன்றம் குறுக்கிட முடியும். டிரேனர் அந்த நீதிமன்றத்துக்குப் போகவே இல்லை. ஆனாலும் வாஷிங்டன் நீதிபதிகள் பலரைவிட அமெரிக்கர்களின் அன்றாட வாழ்வை அதிகம் மாற்றியவர் அவர்.

யூட்டா மாநிலத்தில் பார்க் சிட்டி என்ற சுரங்க ஊரில், அயர்லாந்து வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தார். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டமும் சட்டப் பட்டமும் பெற்று, அங்கேயே பேராசிரியரானார். வரிச் சட்டம் அவருடைய துறை. 1940இல் ஆளுநர் கல்பர்ட் ஓல்சன், பெர்க்லி பேராசிரியர் மேக்ஸ் ரேடினை மாநில உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். தகுதி ஆராயும் குழு அவரை ஏற்க மறுத்தது. அந்த இடம்தான் டிரேனருக்கு வந்தது. அதற்கு முன் அவர் எந்த நீதிமன்றத்திலும் நீதிபதியாக இருந்ததில்லை.

அவர் பெயரை நிலைக்கச் செய்தது ஒரு சோடா பாட்டில். உணவகப் பரிமாறுநரான கிளாடிஸ் எஸ்கோலா, பெட்டியிலிருந்து கோகோ கோலா பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குளிர்பதனப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். மூன்று பாட்டில்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்காவது கையிலேயே வெடித்தது. ஐந்து அங்குல ஆழ்வெட்டு. கட்டை விரலிலும் உள்ளங்கையிலும் ரத்தக் குழாய், நரம்பு, தசை எல்லாம் அறுந்துபோயின. நிறுவனம் அலட்சியமாக இருந்தது என்று அவர் எப்படி நிரூபிப்பார்? பாட்டில் தானாக வெடித்ததிலிருந்தே அலட்சியத்தை ஊகிக்கலாம் என்று 1944இல் பெரும்பான்மை நீதிபதிகள் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். டிரேனர் முடிவை ஏற்றார், காரணத்தை ஏற்கவில்லை. அலட்சியம் என்ற கேள்வியே எதற்கு என்று தனியாக எழுதினார். வாங்குகிறவரால் பாட்டிலின் பழுதைச் சோதித்துப் பார்க்க முடியாது. ஆபத்தை முன்கூட்டி அறிந்து தடுக்கவும், காப்பீடு செய்து அந்தச் செலவை விலையில் சேர்த்துப் பலர்மீது பரப்பவும் தயாரிப்பாளரால் முடியும். ஆகவே பழுதான பொருளால் வந்த காயத்துக்கு, தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், தயாரிப்பாளரே பொறுப்பு. அந்த வாதத்தில் வேறொரு நீதிபதியும் சேரவில்லை.

அவர் 19 ஆண்டுகள் பொறுத்திருந்தார். 1963இல் கிரீன்மேன் வழக்கு வந்தது. வில்லியம் கிரீன்மேனுக்கு அவர் மனைவி வாங்கித் தந்த மரவேலை இயந்திரம் அது. அதில் மரத்தைக் கடைந்துகொண்டிருந்தபோது கட்டை தெறித்து நெற்றியில் பலமாக அடித்தது. இம்முறை டிரேனர் எழுதிய அதே வாதத்தை மன்றம் ஒருமனதாக ஏற்றது. சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலான மாநிலங்களும் அந்த வழிக்கு வந்துவிட்டன.

பெரெஸ் வழக்கில் (1948) அவர் காட்டிய துணிவு இதைவிடப் பெரிது என்றே சொல்ல வேண்டும். மெக்சிகோ வம்சாவளியினரான ஆண்ட்ரியா பெரெஸ் சட்டத்தின் கண்ணில் வெள்ளையர். சில்வெஸ்டர் டேவிஸ் கறுப்பினத்தவர். இருவருக்கும் திருமண உரிமம் தர லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி அலுவலகம் மறுத்தது. கலப்பு மணத்தைத் தடுத்த அந்தச் சட்டம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் வீழ்ந்தது. முதன்மைத் தீர்ப்பை டிரேனர் எழுதினார். எல்லா இனத்தாருக்கும் ஒரே தடைதானே, இதில் பாகுபாடு எங்கே என்று அரசுத் தரப்பு கேட்டது. ரயிலில் ஓர் இருக்கைக்குப் பதில் இன்னொன்று தரலாம். மணக்க விரும்பும் மனிதருக்குப் பதில் இன்னொருவரைத் தர முடியுமா என்பது டிரேனரின் பதில். கலப்பினத்தவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை என்பதையும் எடுத்துக்காட்டினார். நாடு முழுவதும் அத்தகைய சட்டங்கள் செல்லாமல் போனது 1967இல், நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த லவ்விங் வழக்கில்தான்.

தன் தவறைத் தானே திருத்திக்கொண்டவர் என்பது அவரிடம் நான் அதிகம் மதிக்கும் குணம். போலீஸ் சட்டவிரோதமாகத் தேடி எடுத்த சான்றையும் வழக்கில் ஏற்கலாம் என்று 1942இல் எழுதியவர் அவரே. 1955இல் கஹான் வழக்கு வந்தது. சூதாட்டப் பந்தயக்காரர்களின் வீட்டுக்குள் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் புகுந்து, ஒட்டுக்கேட்கும் கருவியை ஒளித்து வைத்திருந்தது. அரசியல் சட்டத்தை மீறிப் பிடித்த சான்றை நீதிமன்றம் கையில் வாங்கினால் அந்த மீறலில் அதற்கும் பங்குண்டு என்று முடிவுசெய்து, தன் பழைய நிலைப்பாட்டையே கைவிட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து, மாப் வழக்கில், நாட்டின் உச்ச நீதிமன்றமும் எல்லா மாநிலங்களையும் அந்த விதிக்குக் கட்டுப்படுத்தியது.

மணமுறிவு, ஒப்பந்தம், அரசு மருத்துவமனைகளின் பொறுப்பு ஆகியவற்றிலும் பழைய விதிகளை அவர் மாற்றினார். சட்டம் இயற்ற வேண்டியது சட்டமன்றம்தானே என்ற குறை எழாமல் இல்லை. நீதிபதிகள் உண்டாக்கிய விதி காலத்துக்கு ஒவ்வாதபோது அதை மாற்றுவதும் நீதிபதிகளின் கடமை என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

1964இல் ஆளுநர் பேட் பிரவுன் அவரைத் தலைமை நீதிபதியாக்கினார். 1970இல் ஓய்வு பெற்றபின் சான் பிரான்சிஸ்கோவின் ஹேஸ்டிங்ஸ் சட்டக் கல்லூரியில் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். பெர்க்லியில் காலமானார். கிரீன்மேன் தீர்ப்பின் கொள்கையைத் தன் விதித் தொகுப்பில் சேர்த்து நாடெங்கும் கொண்டுசென்றது அமெரிக்கச் சட்டக் கழகம். 2000 முதல் 2008 வரை அதன் தலைவராக இருந்தவர் அவருடைய மகன் மைக்கேல் டிரேனர்.