வாசிப்பு நிலை (சிறுவர் நூல்கள்)

ஒரு நூலைக் குழந்தை தானே படித்துப் புரிந்துகொள்ளத் தேவையான திறனைக் குறிக்கும் அளவு. சொற்களின் எண்ணிக்கை, வாக்கிய நீளம், சொற்பழக்கம், கதைப்பொருள் ஆகியவற்றைக் கொண்டு கணிக்கப்படுகிறது.

சூத்திரம்: ருடால்ஃப் பிளெஷ் 1948இல் வாக்கிய நீளத்தையும் அசைகளையும் கொண்டு ஆங்கிலத்துக்குச் சூத்திரம் வகுத்தார். தமிழுக்கு அது அப்படியே பொருந்தாது. 'போய்க்கொண்டிருந்தபோது' 11 எழுத்துள்ள ஒரே சொல். பேச்சில் கேட்டுப் பழகியதால் பொருள் எளிது, எழுத்துக்கூட்டுவதே கடினம். ஒற்றெழுத்துகளையும் புணர்ச்சியையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

படிநிலைகள்: பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளம், தமிழ் உள்ளிட்ட பல மொழிக் கதைகளை 4 நிலைகளாக வகுக்கிறது. முதல் நிலைக் கதைகள் 250 சொற்களுக்குள் அடங்கும். இரண்டாம் நிலை 600 வரை, மூன்றாம் நிலை 1,500 வரை, நான்காம் நிலை அதற்கும் மேல்.

வாசிப்பு நேரம்: மொத்தச் சொற்களை நிமிட வேகத்தால் வகுத்தால் கிடைப்பது. நிமிடத்துக்கு 40 சொல் படிக்கும் குழந்தைக்கு 600 சொல் கதை 15 நிமிடம் எடுக்கும். படத்தில் விரல் வைத்து நிற்கும் நேரம் தனி, அதுவும் வாசிப்பே.

ஐந்து விரல் சோதனை: ஒரு பக்கத்தில் தெரியாத சொல்லுக்கு ஒரு விரலாக மடக்க வேண்டும். ஐந்தும் மடங்கினால் பெரியவர் உடன் அமர்ந்து படித்துக்காட்டலாம். நூலைப் பிடுங்கக் கூடாது.