செம்பியன் மாதேவி

10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சோழ அரசி. கண்டராதித்த சோழரின் தேவி. உத்தம சோழரின் தாய். மழவரையர் குலத்தில் பிறந்தவர். சோழநாட்டின் பழைய சிவன் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக (கற்கோயில்களாக) எடுப்பித்ததால் கோயிற்கலை வரலாற்றில் தனியிடம் பெற்றவர்.

957ஆம் ஆண்டளவில் கண்டராதித்தர் மறைந்தபின் ஆட்சி அவர் தம்பி அரிஞ்சயருக்கும், பின்னர் அரிஞ்சயர் மகன் சுந்தர சோழருக்கும் சென்றது. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்ட பிறகே உத்தம சோழர் முடிசூடினார். 985இல் அரியணை மீண்டும் சுந்தர சோழரின் கிளைக்குத் திரும்பி, முதலாம் இராசராசன் அரசரானார். குடும்பத்தின் இரு கிளைகளுக்கிடையே முடி இப்படிக் கைமாறிய காலம் முழுவதும் மாதேவியாரின் திருப்பணி தொடர்ந்தது. தம் மகனுக்குப் பின்வந்த இராசராசன் காலத்திலும், 1001இல், திருவக்கரையில் அவர் கற்றளி எடுப்பித்தார். அவருடைய செல்வாக்குக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. மகன் அரசராவதை அவர் எதிர்த்தார் என்பது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தின் வழியாகப் பரவிய கதை. கல்வெட்டுகளோ அவரை உத்தம சோழரை ஈன்றவர் என்றே பெருமையுடன் குறிக்கின்றன.

கோனேரிராசபுரம் (திருநல்லம்), ஆடுதுறை, குத்தாலம், திருக்கோடிக்கா, திருவாரூர் அரநெறி, விருத்தாசலம் ஆகியவை அவர் திருப்பணி செய்த தலங்களுள் சில. பெரும்பாலானவை தேவாரப் பாடல் பெற்றவை. திருக்கோடிக்காவில் கோயிலைக் கல்லால் எடுத்தபோது, பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவர்களில் மீண்டும் வெட்டச் செய்தார். முன்னோர் அளித்த கொடைகளின் பதிவுகள் திருப்பணியின்போது அழிந்துவிடாமல் காத்த இச்செயல் இன்றைய கோயில் நிர்வாகங்களுக்கும் பாடமாகத் தக்கது.

அவர் எடுப்பித்த கோயில்களில் சுவர்க் கோட்டங்கள் (மாடங்கள்) பெருகின. அகத்தியர், பிள்ளையார் முதலியோர் அவற்றில் இடம்பெற்றனர். எல்லாவற்றினும் முக்கியமானது, ஆடவல்லானாகிய நடராசரின் திருவுருவம் கருவறையைச் சார்ந்த தென்புறச் சுவரில் நிலையான இடம் பெற்றது. நடராசர் வழிபாடு சோழநாடெங்கும் ஓங்கியதில் இவருடைய பங்கு பெரிது. செப்புத் திருமேனிகளும் அக்காலத்தில் உயர்ந்த நயம் எய்தின. வாசிங்டன் ஃபிரீயர் கலைக்கூடத்தில் உள்ள ஒரு தேவியின் செப்புத் திருமேனியை மாதேவியாரின் உருவமாகவே அறிஞர் சிலர் கருதுகின்றனர். பார்வதி என்போரும் உண்டு.

நாகப்பட்டினம் அருகே அவர் பெயரிலேயே ஓர் ஊர் அமைந்தது. அங்குள்ள கைலாசநாதர் கோயிலில் அவருடைய பிறந்தநாளான சித்திரை மாதக் கேட்டை நாளைக் கொண்டாட உத்தம சோழரின் தேவியர் அறக்கட்டளை வைத்தனர்.

திருநல்லத்துக் கோயிலை அவர் தம் கணவர் பெயரால் எடுப்பித்தார். கண்டராதித்தர் இலிங்கத்தை வழிபடும் சிற்பமும் அதை விளக்கும் கல்வெட்டும் அங்கே சுவரில் உள்ளன. அவ்வூரின் பெரிய நடராசரைத் தரிசிக்கச் செல்வோர் அந்தச் சுவரையும் பார்த்துவிட்டு வரவேண்டும்.