குழந்தைகள் இல்லங்களின் ஆய்வு (திருப்பூர் மாவட்டம்)

குழந்தைகள் இல்லங்களின் ஆய்வு என்பது, பெற்றோரின் பராமரிப்பை இழந்த குழந்தைகள் தங்கியிருக்கும் அரசு இல்லங்களையும் தனியார் இல்லங்களையும் பல துறைகளைச் சேர்ந்தோர் ஒரே குழுவாகச் சென்று பார்வையிட்டு மதிப்பிடும் நடைமுறை ஆகும். இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015 இன் 54 ஆம் பிரிவு இதற்கு அடிப்படையாக உள்ளது. பின்னலாடைத் தொழிலுக்காகப் பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து சேரும் திருப்பூர் மாவட்டத்தில் இவ்வாய்வு தனி முக்கியத்துவம் பெறுகிறது. 2022 இல் திருமுருகன்பூண்டியில் நிகழ்ந்த மூன்று சிறுவர்களின் இறப்புக்குப் பின் இது பரவலாகப் பேசப்பட்டது.

வரலாறு

குழந்தைகளுக்கென இந்திய மாகாணங்களில் இயற்றப்பட்ட முதல் சட்டம் 1920 ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம் ஆகும். நாடு முழுமைக்குமான இளைஞர் நீதிச் சட்டம் 1986 இல் வந்தது; 2000 இலும் 2015 இலும் அதற்குப் பதிலாகப் புதிய சட்டங்கள் இயற்றப்பட்டன. 2015 ஆம் ஆண்டுச் சட்டம் 2016 சனவரி 15 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன் 41 ஆம் பிரிவு ஒவ்வோர் இல்லமும் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது. பதிவின்றி நடத்துவோருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ, ஒரு இலட்சம் ரூபாய்க்குக் குறையாத தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

சட்டம் ஏட்டளவில் நின்றுவிடாமல் இருக்க ஒரு தமிழ்நாட்டு வழக்கு காரணமாயிற்று. மாமல்லபுரம் பகுதி இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது குறித்து வெளிவந்த பத்திரிகைச் செய்தியை அடிப்படையாகக் கொண்டு 2007 இல் உச்ச நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு அது. பத்தாண்டுகளுக்குப் பின், 2017 மே 5 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பில், எல்லா மாநிலங்களும் ஆய்வுக் குழுக்களை அவ்வாண்டு சூலை மாத இறுதிக்குள் அமைக்க வேண்டும் என்றும், இல்லங்களின் பதிவை ஆண்டு இறுதிக்குள் முடிக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் ஆணையிட்டது. மத்திய அரசுக்காக நடத்தப்பட்டு 2018 இல் வெளியான கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 9,589 இல்லங்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் இச்சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றிருந்தவை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவே.

திருப்பூர் மாவட்டம் 2009 பெப்ரவரியில் கோயம்புத்தூர், ஈரோடு மாவட்டப் பகுதிகளைக் கொண்டு உருவானது. அதற்கு முன் ஈரோடு மாவட்டத்தில் இருந்த தாராபுரமும் அப்போதுதான் இம்மாவட்டத்திற்கு வந்தது. மாவட்டத் தலைநகரிலிருந்து தாராபுரம் ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் உள்ளது. மாவட்ட அளவிலான ஒரே குழு இத்தொலைவையும் கடந்து ஒவ்வோர் இல்லத்துக்கும் சென்று வரவேண்டும்.

குழுவின் அமைப்பு

குழுவில் மூவருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அவர்களுள் ஒருவர் பெண்ணாகவும் ஒருவர் மருத்துவ அலுவலராகவும் இருத்தல் கட்டாயம். 2016 ஆம் ஆண்டு மாதிரி விதிகளின்படி, இளைஞர் நீதிக் குழுமம் அல்லது குழந்தைகள் நலக் குழுமத்தின் உறுப்பினர், மருத்துவர், மனநல வல்லுநர், குழந்தை உரிமைக்காகப் பணியாற்றும் சமூக ஆர்வலர் ஆகியோர் மாவட்டக் குழுவில் இடம்பெறுவர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் உறுப்பினர் செயலராக இருப்பார். மூன்று மாதங்களுக்கு ஒரு முறையாவது ஒவ்வோர் இல்லத்தையும் பார்வையிட்டு, ஒரு வாரத்திற்குள் அறிக்கை தரவேண்டும்; அதன்மீது ஒரு மாதத்திற்குள் நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும். 2021 இன் திருத்தச் சட்டம் இந்த அறிக்கையைப் பெறும் பொறுப்பை மாவட்ட ஆட்சியரிடம் ஒப்படைத்தது.

ஆயத்தப் பணிகள்

ஓர் இல்லம் ஆய்வுக்கு ஆயத்தமாவது பெரும்பாலும் ஆவணங்களைத் திரட்டுவதாகவே தொடங்குகிறது. இல்லப் பதிவுச் சான்று ஒரு துறையில், கட்டட உறுதிச் சான்று வேறொரு துறையில், தீயணைப்புத் துறையின் சான்று, சுகாதாரச் சான்று, சமையலறைக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவு என ஒவ்வொன்றும் ஓர் அலுவலகத்தில் பெறவேண்டியது. அவற்றின் காலாவதி நாட்களும் வெவ்வேறு. சிறிய இல்லங்களில் கணக்கு எழுதுபவரே காப்பாளராகவும் இருப்பதால், ஒரு சான்றைப் புதுப்பிக்க அலையும் நாளில் குழந்தைகளுடன் இருக்க ஆள் இல்லாமற் போவதுண்டு.

கட்டடத்திற்கு மாதிரி விதிகள் அளவுகளை வகுத்துள்ளன. படுக்கைக் கூடத்தில் ஒரு குழந்தைக்கு 40 சதுர அடி, ஏழு குழந்தைகளுக்கு ஒரு கழிப்பறை, பத்துக் குழந்தைகளுக்கு ஒரு குளியலறை என்பன அவற்றுட் சில. இவற்றை அளந்து பார்த்துவிடலாம் என்பதால் ஆய்வாளர்களுக்கும் இல்லத்தாருக்கும் இப்பகுதி எளிது.

குழந்தையின் கோப்பு அவ்வளவு எளிதன்று. குழந்தை எந்த ஆணையின்படி இல்லத்தில் உள்ளது என்பதே கோப்பில் முதலில் பார்க்கப்பட வேண்டியது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். உறவினர் நேரில் கொண்டுவந்து விட்டுச் சென்ற குழந்தை, குழும ஆணையின்றியே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவது பல இல்லங்களின் பழைய வழக்கம். அடுத்து, தனிநபர் பராமரிப்புத் திட்டம். குழந்தையின் உடல்நலம், கல்வி, குடும்பம், வீடு திரும்பும் வாய்ப்பு ஆகியன குறித்து ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே எழுதப்படும் ஏடு இது. ஆய்வுக்கு முந்திய வாரத்தில் ஒரே கையெழுத்தில், ஒரே சொற்களில் எழுதி முடிக்கப்பட்ட திட்டங்கள் ஒன்றையும் காட்டுவதில்லை. அவற்றைத் தேதி வாரியாகப் படிக்கும் ஆய்வாளர் உண்மை நிலையை விரைவில் உணர்ந்துவிடுவார்.

புகார்ப் பெட்டி பற்றிய விதி குறிப்பிடத்தக்கது. அது அலுவலக அறைக்கு அப்பால், குழந்தைகள் எளிதில் அணுகும் இடத்தில் இருக்க வேண்டும். அதன் சாவி இல்லப் பணியாளரிடம் இருத்தல் ஆகாது. மேலாண்மைக் குழுவின் தலைவரிடம் இருக்க வேண்டும். குழந்தைகள் குழுவினர் முன்னிலையில் வாரந்தோறும் பெட்டி திறக்கப்பட வேண்டும்.

ஆய்வின்போது குழந்தைகளுடன் பேசுவதும் கடமையாகும். திருப்பூர்ப் பகுதியில் இதற்கு ஒரு தடை உண்டு. ஒடிசா, பீகார், சார்க்கண்டு ஆகிய மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்தோரின் பிள்ளைகளுக்கு ஒடியாவோ இந்தியோதான் தாய்மொழி. இல்லப் பணியாளரையே மொழிபெயர்க்கச் சொன்னால் அப்பணியாளரைப் பற்றிய புகாரைக் குழந்தை எப்படிச் சொல்லும்? ஆகவே வெளியிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளரை உடன் அழைத்துச் செல்வதும் ஆய்வாளர் தரப்பின் ஆயத்தத்தில் அடங்க வேண்டும்.

2022 நிகழ்வு

2022 அக்டோபரில் திருமுருகன்பூண்டியில் இருந்த ஒரு தனியார் சிறுவர் காப்பகத்தில், உணவு உண்டபின் வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்பட்டு மூன்று சிறுவர்கள் இறந்தனர். மேலும் பல சிறுவர்கள் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். நேரில் பார்வையிட்ட சமூக நலத்துறை அமைச்சர் பி. கீதா ஜீவன், நிர்வாகத்தின் கவனக்குறைவைச் சுட்டிக்காட்டி, காப்பகம் மூடப்படும் என அறிவித்தார். ஆட்சியரிடம் பொறுப்பை ஒப்படைத்த திருத்தச் சட்டம் 2022 செப்டம்பர் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்திருந்தது.

ஆய்வுகள் பெரும்பாலும் அலுவலக நேரத்தில் நடைபெறுகின்றன. இரவில் குழந்தைகளுடன் யார் தங்குகிறார், நள்ளிரவில் ஒரு குழந்தைக்கு உடல்நலம் குன்றினால் எந்த வாகனம் வரும், பிறந்தநாள், நினைவுநாட்களில் வெளியார் தரும் உணவை யார் சோதித்துப் பரிமாறுகிறார் ஆகிய கேள்விகளுக்குப் பகல் நேரப் பார்வையில் விடை கிடைப்பது அரிது.

ஆலை விடுதிகள்

தாராபுரம், காங்கேயம், உடுமலைப்பேட்டை வட்டாரங்களில் நூற்பாலைகள் பல உள்ளன. மணமாகாத இளம்பெண்களை ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்கு வேலைக்கு அமர்த்தி, முடிவில் மொத்தமாக ஒரு தொகை தரும் சுமங்கலித் திட்டம் இத்தகைய ஆலைகளின் விடுதிகளை வளர்த்தது. இங்கே தங்கும் 16 வயதுப் பெண் தொழிலாளர் சட்டத்தின்படி வளரிளம் பருவத் தொழிலாளி. இளைஞர் நீதிச் சட்டத்தின்படி 18 வயது நிறையாத குழந்தை. ஆலை தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் பார்வையிலும், விடுதி 2014 ஆம் ஆண்டின் மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரின் உரிமத்திலும் அடங்கும். இரு தரப்பாரும் தனித்தனி நாட்களில் சென்றால், வேலை நேரப் பதிவேட்டையும் விடுதி வருகைப் பதிவேட்டையும் ஒருசேர வைத்துப் பார்ப்பவர் எவரும் இல்லை. மிகை நேர வேலை இவ்விரண்டையும் ஒப்பிடும்போதே தெரியவரும்.

பிற இடங்களில்

பீகாரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் கோசிசு பிரிவு நடத்திய சமூகத் தணிக்கையே 2018 இல் முசாபர்பூர் இல்லத்துச் சிறுமிகளுக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமையை வெளிக்கொணர்ந்தது. அதிகாரிகள் அதற்கு முன்பும் அவ்வில்லத்திற்குச் சென்று வந்திருந்தனர். தணிக்கைக் குழுவினர் சிறுமிகளிடம் பேசியதே வேறுபாடு.

இங்கிலாந்தில் 2016 முதல் கல்வி, சுகாதாரம், காவல், நன்னடத்தைக் கண்காணிப்பு ஆகிய நான்கு துறைகளின் ஆய்வமைப்புகள் ஒருங்கே ஒரு பகுதிக்குச் சென்று கூட்டாய்வு நடத்துகின்றன. அங்கு ஒரு குழந்தையின் கதையை நான்கு அலுவலகங்களின் கோப்புகளிலும் தொடர்ந்து படித்து, ஓர் அலுவலகம் அறிந்ததை மற்றது அறிந்திருந்ததா என்று பார்க்கின்றனர். தமிழ்நாட்டின் முறை இல்லத்தை அலகாகக் கொண்டது. ஆய்வுக்கு வந்த துறைகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொண்டனவா என்பதை ஆராயும் பகுதி அதில் இல்லை.