ஆபிரகாம் பண்டிதரின் 24 சுருதியும் மூடாத வட்டமும்

ஒரு ஸ்தாயிக்குள் சுருதிகள் 22-ஆ, 24-ஆ? தஞ்சாவூரில் சித்த மருத்துவராக இருந்த ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) இந்தக் கேள்வியை விடாமல் துரத்தியவர். தஞ்சையில் சங்கீத மாநாடுகள் கூட்டினார். 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய மாநாட்டில் தன் வாதத்தை முன்வைத்தார். 1917-ல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. அதில் பக்கம் பக்கமாக எண்கள். இன்று அந்தக் கணக்கை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் சிக்கல் என்ன என்று பார்ப்போம். தந்தியின் முழு நீளம் ச என்றால், பாதியை மீட்டினால் மேல் ஸ்தாயி ச. அதிர்வு 2 மடங்கு. நீளத்தில் 2/3 பங்கை மீட்டினால் ப. அதிர்வு 3/2 மடங்கு. இப்போது அந்தப் ப-வை ச-வாக வைத்து அதற்கு ஒரு ப, அதற்கு இன்னொரு ப என்று போய்க்கொண்டே இருங்கள். 12 முறை போனால் 12 சுரங்களும் கிடைத்துவிடும். 7 ஸ்தாயி ஏறி மறுபடி ச-வில் வந்து நிற்க வேண்டும்.

ஆனால் நிற்காது. 3/2-ஐ 12 முறை பெருக்கினால் 129.746. 7 ஸ்தாயி என்பது 128. ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்று வைத்தால், மிஞ்சுவது 23.46 சென்ட். இன்னும் கொஞ்சம் சுற்றினால் சரியாகிவிடுமா? ஆகாது. 3-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் ஒற்றைப்படை எண்தான் வரும். 2-ஐப் பெருக்கினால் இரட்டைப்படை. இரண்டும் எங்கேயும் சந்திக்காது. 53 முறை போனால் மிச்சம் 3.6 சென்டாகக் குறையும், அவ்வளவுதான். இதைக் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே சீனாவின் ஜிங் ஃபாங் கண்டிருக்கிறார்.

பண்டிதருக்கும் இந்த மிச்சம் தெரியும். அவர் பதிலை எடுத்தது சிலப்பதிகாரத்திலிருந்தும் அதன் உரைகளிலிருந்தும். அங்கே சுரங்கள் 12 ராசி வீடுகளில் வைக்கப்படுகின்றன. ராசி வட்டத்தில் ஏழு ஏழு வீடாகத் தாண்டினால், 12-வது தாண்டலில் புறப்பட்ட வீட்டுக்கே வந்துவிடுவோம், மிச்சமே இல்லாமல். ஆகவே வீடுகள் சமம், 2/3 என்ற பின்னம்தான் துல்லியமில்லாதது என்றார் பண்டிதர். 12 சம பாகம் ஆயப்பாலை. அதை இரட்டித்தால் 24, அது வட்டப்பாலை. சார்ங்கதேவரின் 22 சுருதியைச் சம பாகங்களாக எடுத்துக்கொண்டு, அதில் ப-வும் ம-வும் சரியாக வராது என்று வாதிட்டார்.

சரி, சோதித்துப் பார்ப்போம். தந்தியில் இயல்பாகப் பேசும் ப 701.96 சென்ட்.

24 சம பாகத்தில் 14-வது: 700.00 (1.96 குறைவு)
22 சம பாகத்தில் 13-வது: 709.09 (7.14 அதிகம்)

ச 240 ஹெர்ட்ஸ் என்றால், ச-வின் 3-வது ஹார்மோனிக்கும் ப-வின் 2-வது ஹார்மோனிக்கும் மோதி எழும் விம்மல், முதலாவதில் நொடிக்கு ஒன்றுக்கும் குறைவு. இரண்டாவதில் நொடிக்கு மூன்று. தம்புரா பக்கத்தில் ஒலித்தால் இது காதில் விழும். இந்த இடத்தில் பண்டிதர் ஜெயிக்கிறார்.

ஆனால் அதே சோதனையை அந்தர காந்தாரத்துக்கும் வையுங்கள். 5/4 என்ற இயல்பான காந்தாரம் 386.31 சென்ட்.

24-ல் 8-வது: 400.00 (13.69 அதிகம்)
22-ல் 7-வது: 381.82 (4.49 குறைவு)

இங்கே நிலைமை தலைகீழ். விம்மல் 24-ல் நொடிக்கு ஒன்பதுக்கு மேல், 22-ல் மூன்றுதான். 12 பாகத்தை 24 ஆக்கினாலும் காந்தாரத்துக்குப் பிரயோஜனமில்லை. புதிதாகக் கிடைக்கும் 350-வது சென்ட் இன்னும் தூரம்.

இன்னொன்று, 22 சமமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பின்னாளில் பரவலான விளக்கத்தில் அவை மூன்று அளவு: ஏறக்குறைய 90 சென்டில் 7, 71 சென்டில் 5, 22 சென்டில் 10. கூட்டிப் பாருங்கள், பின்னங்களைத் துல்லியமாக வைத்தால் சரியாக 1200. ப-வும் இயல்பாக, காந்தாரமும் இயல்பாக. விலை என்ன? ச-வை இடம் மாற்றினால் எல்லா அளவும் மாறிப்போகும்.

பண்டிதர் 24-ஐ நிரூபித்துவிட்டார் என்று பெருமையாக எழுதுபவர்கள் உண்டு. என் பார்வையில் அவர் செய்தது நிரூபணம் அல்ல, ஒரு தேர்வு. தந்தியின் வட்டம் மூடாது, ராசி வட்டம் மூடும். அவர் ராசி வட்டத்தை எடுத்து, 23.46 சென்டை 12 ப-க்களுக்கும் சமமாகப் பகிர்ந்துவிட்டார். கிரகபேதம் எங்கிருந்து செய்தாலும் ஒரே மாதிரி வர வேண்டும் என்றால் அது நல்ல தேர்வுதான். காந்தாரத்தின் இனிமைதான் முக்கியம் என்றால் இல்லை.

ஆனாலும் சுருதி விவாதத்தை 'பெரியவர்கள் சொன்னார்கள்' என்ற இடத்திலிருந்து, எண்ணை வைத்துப் பேசு என்ற இடத்துக்குத் தமிழில் நகர்த்தியவர் அவர். நூறு வருடம் கழித்து அவரோடு எண்ணை வைத்தே முரண்பட முடிகிறது. அந்த வசதியைச் செய்துகொடுத்தவரும் அவர்தான்.